இரண்டு ரவுட்டர், ஒரே நெட்வொர்க்: எந்த வழியில் இணைப்பது?

அலமாரியில் ஒரு பழைய ரவுட்டர் சும்மா கிடக்கிறது, வீட்டின் கடைசி அறைக்கு வைஃபை எட்டுவதில்லை. இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு நாள் யாராவது அந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தே தீருவார்கள். முதல் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, இதன் பின்னால் கண்ணில் பட்ட துளையில் செருகி, அட, நெட் வருகிறதே என்று சந்தோஷப்பட்டு, ஒரு வாரம் கழித்து பிரின்டரைக் காணோம், போனிலிருந்து டிவிக்குப் படம் போகமாட்டேன் என்கிறது, ஒரு லேப்டாப்பில் மட்டும் நெட் வந்து வந்து போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அடுத்த கட்டம். நானும் அதைத் தாண்டித்தான் வந்தேன். அதனால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, யாருக்கு எது ஒத்துவரும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் உண்மையில் ஐந்து பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். வெளியிலிருந்து கிடைக்கும் ஒரே ஐபி முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ள வழி செய்யும் நேட் ஒருவர். வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கருவியிடமும் "உன் முகவரி இது, வெளியே போக இந்த வாசல்" என்று சொல்லி அனுப்பும் டிஎச்சிபி இன்னொருவர். அழைக்காமல் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தும் ஃபயர்வால் மூன்றாமவர். பின்பக்கத்து லான் துளைகளுக்கு (வீட்டுக் கருவிகளைக் கேபிளில் செருகும் துளைகள்) பின்னால் இருந்து, அந்தக் கருவிகளை ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும் சுவிட்ச் நான்காவது, ஆன்டெனாவை வைத்துக்கொண்டிருக்கும் ஆக்சஸ் பாயின்ட் ஐந்தாவது. கடைசி அறைக்கு சிக்னல் வேண்டும் என்றால் இரண்டாவது பெட்டியிலிருந்து நமக்குத் தேவை கடைசி இரண்டு பேர் மட்டும்தான். முதல் மூவரும் ஏற்கெனவே முதல் ரவுட்டரில் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து இரண்டாவது பெட்டியில் வேலை செய்ய விட்டால், ஒரு உறையில் இரண்டு கத்தி கதைதான்.

ஆகவே எந்த ரவுட்டர் நல்லது, எத்தனை ஆன்டெனா என்பதெல்லாம் அப்புறம். இந்த வீட்டில் முகவரி கொடுக்கப் போவது யார், ஒருவரா இருவரா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தானாகவே கழிந்துவிடும்.

கேபிள் போக வழி இருக்கிறதா

அடுத்த கேள்வி இது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு ஈத்தர்நெட் கேபிள் இழுக்க முடியுமா? முடியும் என்றால், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் இழுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. சுவர் ஓரமாகவோ, கதவு நிலையைச் சுற்றியோ, ஜன்னல் வழியாக வெளியே போய் உள்ளே வந்தோ, எப்படியாவது. சாதாரண கேட்-5இ கேபிளே 100 மீட்டர் தூரம் வரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைத் தாங்கும். வீட்டுக்குள் அவ்வளவு தூரம் யாருக்கும் வராது. கேட்-6 போட்டால் 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ் கூடப் போகும், ஆனால் அதற்கேற்ற போர்ட் (கேபிள் செருகும் துளை) இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், பழைய ரவுட்டரில் அது இருக்க வாய்ப்பில்லை.

கேபிள் விஷயத்தில் நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். முதல் தடவை நானே கேபிளை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் ஆர்ஜே45 முனையை அழுத்திப் பொருத்தினேன். நெட் வந்தது. வேகம் பார்த்தால் 94. மறுநாள் பார்த்தேன், 94. ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தாலும் 94தான். இணைப்பே அவ்வளவுதான் போல என்று பல மாதம் சும்மா இருந்துவிட்டேன். உண்மையில் அந்த 94 ஒரு அடையாளம்: 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தகவலோடு கூடவே போகும் முகவரி மாதிரியான விவரங்களின் சுமையெல்லாம் கழித்து மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். கேபிளுக்குள் நான்கு ஜோடி கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் போக இரண்டு ஜோடி போதும், 1 ஜிபிபிஎஸ் போக நான்கும் வேண்டும். நான் பொருத்திய ஒரு முனையில் பழுப்பு நிறக் கம்பி உள்ளே முழுசாகப் போகாமல் பாதியிலேயே நின்றிருந்தது. இணைப்பு அறுந்துபோயிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். அது சத்தமில்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிக்கொண்டது. புது முனை பொருத்தியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் 94க்குப் பக்கத்திலேயே வேகம் ஆணி அடித்த மாதிரி நின்றால் முதலில் கேபிளைப் பாருங்கள், அடுத்து பழைய ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் போர்ட்தானா என்று பாருங்கள். இரண்டாவதுதான் காரணம் என்றால் அதற்கு மருந்து கிடையாது.

லானிலிருந்து லானுக்கு

கேபிள் இருக்கிறது, எல்லாக் கருவிகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான் வழி. முதல் ரவுட்டரின் ஒரு லான் துளையிலிருந்து இரண்டாவதின் லான் துளைக்குக் கேபிள். இரண்டாவதின் வான் துளை, அதாவது வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் துளை, காலியாக இருக்கும். இரண்டாவதில் டிஎச்சிபியை அணைத்துவிட்டால் அது ஒரு சுவிட்சும் ஆக்சஸ் பாயின்ட்டும் சேர்ந்த பெட்டியாகிவிடும், அவ்வளவுதான். நேட்டும் ஃபயர்வாலும் வான் துளை வழியாகப் போகும் போக்குவரத்தைத்தான் கவனிக்கும் என்பதால், அந்தத் துளையில் எதுவும் இல்லாவிட்டால் அவர்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

செய்யும் வரிசைதான் முக்கியம், பாதிப் பேர் இங்கேதான் சொதப்புகிறார்கள். பழைய ரவுட்டரை முதலில் ரீசெட் செய்து, முதல் ரவுட்டரோடு சேர்க்காமல் தனியாக ஒரு லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணையுங்கள். அதன் லான் முகவரியை மாற்றுவது முதல் வேலை. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியோடுதான் பிறக்கின்றன (192.168 என்று ஆரம்பிக்கும் முகவரிகள் எல்லாம் தனியார் நெட்வொர்க்குகளுக்கு என்று ஒதுக்கப்பட்டவை, 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் சொல்வது அது), இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்தால் சண்டைதான். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். அந்த முகவரி, முதல் ரவுட்டர் கருவிகளுக்கு விநியோகிக்கும் வரம்புக்குள் வரக்கூடாது, அது 192.168.1.100இலிருந்து 200 வரை கொடுக்கிறது என்றால் 2 பத்திரமான இடம். 2இலிருந்தே கொடுக்க ஆரம்பிக்கிறது என்றால் முதல் ரவுட்டரில் அந்த வரம்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முகவரியை மாற்றிச் சேமித்ததும் பக்கம் உறைந்துபோன மாதிரி நிற்கும். பயப்பட வேண்டாம், அது பழைய முகவரியில் இல்லை, அவ்வளவுதான். புது முகவரியில் திறந்து உள்ளே போய், வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். அதை முதலிலேயே அணைத்துவிட்டால், பெட்டி மறுபடி எழும்போது லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளிருக்காது; லேப்டாப் தனக்குத் தானே 169.254 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கும், ரவுட்டர் பக்கமும் திறக்காது. அப்படி ஆகிவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது, லேப்டாப்பில் கையால் 192.168.1.50 மாதிரி ஒரு முகவரியும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் போட்டால் உள்ளே போய்விடலாம்.

டிஎச்சிபியை அணைக்க மறந்தால் என்ன ஆகும்? இதுதான் "வந்து வந்து போகும்" நோய். புதிதாக இணையும் கருவி "யாராவது முகவரி கொடுங்கள்" என்று கூவும். இரண்டு பெட்டியும் பதில் சொல்லும். முதலில் எந்தப் பதில் வருகிறதோ அதைத்தான் பொதுவாகக் கருவி எடுத்துக்கொள்ளும். முதல் ரவுட்டர் முந்தினால் நெட் வரும். இரண்டாவது முந்தினால் அது தன்னையே வாசலாகக் காட்டும், அந்த வாசலுக்கு வெளியே பாதை கிடையாது. காலையில் வேலை செய்த போன் மாலையில் வேலை செய்யாது, ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகும், பிறகு மறுபடியும். பேய் பிடித்த வீடு மாதிரி இருக்கும்.

இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வேலையெல்லாம் இல்லாமல் "ஆக்சஸ் பாயின்ட் மோடு" என்று ஒரே சொடுக்கில் வந்துவிடுகிறது. இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வான் துளையும் பொதுவாக லானோடு சேர்ந்துவிடும், ஒரு துளை மிச்சம். ஒரே சிக்கல், பெட்டி தனக்கான முகவரியை முதல் ரவுட்டரிடமிருந்து வாங்கிக்கொள்ளக்கூடும் என்பதால், அதை மறுபடி திறக்க முதல் ரவுட்டரின் பட்டியலில் தேட வேண்டியிருக்கும்.

இந்த வழியில் இழப்பது என்ன? இரண்டாவது ரவுட்டரின் பிள்ளைகள் கட்டுப்பாடு, வேகப் பங்கீடு மாதிரியான வசதிகள் எல்லாம் செத்துவிடும், அவை முதல் ரவுட்டரில் இருந்தால்தான் உண்டு. அதில் கெஸ்ட் வைஃபை வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: ரவுட்டராக இருந்தபோது விருந்தாளிகளைத் தனியாகப் பிரித்து வைத்த அதே பெட்டி, ஆக்சஸ் பாயின்ட்டாக மாறிய பிறகு அவர்களையும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே விட்டுவிடக்கூடும். கெஸ்ட்டில் ஒரு போனைச் சேர்த்து, பிரின்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது என் அசட்டுத்தனம்தான். ஒரு கேபிளுக்கு இந்த வேகம் என்றால் இரண்டு கேபிளுக்கு இரண்டு மடங்குதானே என்று நினைத்து, இரண்டு ரவுட்டருக்கும் நடுவே இன்னொரு லான் கேபிளையும் செருகினேன். இரண்டு பெட்டியிலும் இருந்த எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று துடிக்க ஆரம்பித்தன, பார்க்க அழகாகத்தான் இருந்தது, வீட்டில் ஒரு கருவிக்கும் நெட் இல்லை. எல்லோருக்குமாக அனுப்பப்படும் செய்தி ஒரு கேபிளில் போய் இன்னொன்றில் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் மற்ற துளைகளுக்கெல்லாம் ஒரு நகலும் அனுப்பிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். அலுவலக சுவிட்சுகளில் இதைத் தடுக்க ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு உண்டு. வீட்டு ரவுட்டர்களில் அதை நம்ப முடியாது. நடுவே ஒரே ஒரு கேபிள் மட்டும்.

லானிலிருந்து வானுக்கு

கண்ணில் பட்ட துளையில் செருகுகிறவர்கள் அநேகமாக இங்கேதான் வந்து சேர்வார்கள், ஏனென்றால் வான் துளை வேறு நிறத்தில் பளிச்சென்று இருக்கும், அதில்தானே நெட் வர வேண்டும் என்று தோன்றும். நெட் வரவும் செய்யும். ஆனால் இப்போது வீட்டில் இரண்டு நெட்வொர்க், இரண்டு நேட். தலைப்பில் சொன்ன ஒரே நெட்வொர்க் இது அல்ல, இருந்தாலும் ஒப்பிடாமல் விட முடியாது, ஏனென்றால் சிலருக்கு இதுதான் சரியான வழி.

முதலில் நஷ்டக் கணக்கு. இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் லேப்டாப், முதல் ரவுட்டரில் இருக்கும் பிரின்டரை அதன் முகவரி தெரிந்தால் எட்டிவிடும், ஆனால் தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது. தேடல் செய்திகள் சப்நெட்டின், அதாவது ஒரே முகவரி வரிசையில் இருக்கும் கருவிகளின் கூட்டத்தின், எல்லையைத் தாண்டுவதில்லை. டிவிக்குப் படம் அனுப்ப முடியாமல் போவதும் இதனால்தான். எதிர்த்திசையில், முதல் ரவுட்டரில் இருக்கும் கருவி இரண்டாவதின் பின்னால் இருப்பதைத் தொடவே முடியாது, அங்கே ஃபயர்வால் நிற்கிறது. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவையோ சேமிப்புப் பெட்டியையோ அணுக போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டிலுள்ள குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்கிறவர்கள் அதை இரண்டு பெட்டியிலும் செய்ய வேண்டும். கேம் கன்சோல் முறைக்கும். வெறுமனே வலைப்பக்கம் பார்ப்பது, படம் பார்ப்பது இதிலெல்லாம் ஒரு வித்தியாசமும் தெரியாது, வேகமும் பெரிதாகக் குறையாது. அதனால்தான் பலர் வருஷக்கணக்கில் இப்படியே இருப்பது தெரியாமலே இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியா என்று பார்க்க, தகவல் வெளியே போகும் வழியில் தாண்டும் பெட்டிகளை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் என்ற கட்டளையை ஓட்டுங்கள்: வெளியே போவதற்கு முன்னால் முதல் இரண்டு வரியிலும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரிகள் வந்தால் அநேகமாக இரட்டை நேட்தான். இரண்டாவது வரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அது உங்கள் குற்றமில்லை, இணைப்பு கொடுப்பவரே தன் பக்கத்தில் ஒரு நேட் வைத்திருக்கிறார்.

சரி, யாருக்கு இது வேண்டும்? ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு குடும்பங்கள், அலுவலக வேலையை வீட்டுக் கருவிகளிலிருந்து தள்ளி வைக்க நினைப்பவர்கள், முதல் ரவுட்டரின் உள்ளே போக அனுமதியே இல்லாதவர்கள். செய்வதாக இருந்தால் இரண்டாவதின் டிஎச்சிபியை அணைக்கக் கூடாது, அதன் லான் முகவரி மட்டும் வேறு சப்நெட்டில் இருக்க வேண்டும், முதலாவது 192.168.1 என்றால் இது 192.168.2.

ஆனால் நம்பிக்கையில்லாத கருவிகளைப் பிரித்து வைக்கத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால், எது எங்கே என்பதில் கவனம். பெயர் தெரியாத கேமரா, ஸ்மார்ட் பல்ப் எல்லாவற்றையும் இரண்டாவது ரவுட்டரில் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அது தலைகீழ். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர்தான் உள்ளே பார்க்க முடியாது. அதாவது அந்தக் கேமராவால் முதல் ரவுட்டரில் இருக்கும் உங்கள் கணினியை எட்ட முடியும். சந்தேகத்துக்குரியவை முதல் ரவுட்டரில், உங்கள் கணினிகள் இரண்டாவதில் என்று வைத்தால்தான் சுவர் உங்கள் பக்கம் நிற்கும்.

முதல் ரவுட்டர் இணைப்போடு கூட வந்த சுமாரான பெட்டி, உங்களிடம் இருக்கும் இரண்டாவதுதான் நல்ல ரவுட்டர் என்றால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு: முதலாவதை பிரிட்ஜ் மோடில் போட்டு வெறும் மோடமாக்கிவிடுவது. முகவரி கொடுப்பது, காவல் காப்பது எல்லாம் இரண்டாவதின் பொறுப்பு. ஆனால் முதலாவதின் வைஃபை பொதுவாக அதோடு போய்விடும், ஆகவே இரண்டு இடத்தில் சிக்னல் வேண்டும் என்ற நம் கேள்விக்கு இது பதில் இல்லை. இரண்டு சப்நெட்டையும் வைத்துக்கொண்டு, இரண்டாவதில் நேட்டை அணைத்து, முதலாவதில் நிலையான வழித்தடம் எழுதி இரண்டையும் பேச வைக்கும் முறையும் இருக்கிறது. கற்றுக்கொள்ள அருமையான பயிற்சி. பிரின்டர் அப்போதும் தானாகத் தேடலில் வராது, அதனால் வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேபிள் போகவே முடியாது என்றால்

வயரில்லாமல் இணைப்பதில் முதலில் கைக்கு வருவது ரிப்பீட்டர். பழைய ரவுட்டர்கள் சிலவற்றில் இந்த மோடு இருக்கும், இல்லாவிட்டால் ஓபன்டபிள்யூஆர்டி மாதிரியான மாற்று மென்பொருளை ஏற்றிக் கொண்டுவரலாம், உங்கள் மாடலுக்கு அது இருந்தால். இதன் அடிப்படைக் குறை எளிது: ஒரே ரேடியோ ஒரு தகவலை முதல் ரவுட்டரிடமிருந்து கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே ஆள் இரண்டு தடவை பேசுவதால் வேகம் ஏறக்குறைய பாதி. 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4இல் கொடுக்கும்படி அமைத்தால் இந்தப் பாதியாகும் கதை இல்லை, ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைக் கண்டால் சீக்கிரம் களைத்துவிடும்.

வைக்கும் இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சிக்னல் இல்லாத அறையிலேயே ரிப்பீட்டரை வைக்கிறார்கள். அதற்கே காது கேட்காத இடத்தில் உட்கார்ந்து அது எதைத் திருப்பிச் சொல்லும்? போனில் கோடுகள் முழுசாகத் தெரியும், பக்கம் திறக்காது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள்.

இன்னொரு சூட்சுமம், பலருக்குத் தெரியாதது. சாதாரண வைஃபை செய்தியில் மூன்று மேக் முகவரிகளுக்குத்தான் (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் சில்லுக்கும் உள்ள அடையாள எண்) இடம் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ரிப்பீட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவியின் முகவரியைச் சொல்ல நான்காவது இடம் வேண்டும். அது இல்லாததால் பல ரிப்பீட்டர்கள் தங்கள் சொந்த மேக் முகவரியையே முன்னால் காட்டிவிடுகின்றன. முதல் ரவுட்டரின் பட்டியலில் ஐந்து கருவிகள் ஒரே மேக் முகவரியோடு நின்றால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான். மேக் முகவரியை வைத்து ஒரு கருவிக்கு நிரந்தர ஐபி ஒதுக்கியிருந்தால் அது சொதப்புவதும் இதனால்தான். டபிள்யூடிஎஸ் என்ற முறை நான்கு முகவரிகளையும் அனுப்பி இதைச் சுத்தமாகத் தீர்க்கிறது. ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் அதைத் தன் போக்கில் செய்திருப்பதால், இரண்டு ரவுட்டரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால் ஒட்டுவது சந்தேகம். ஒரே மாதிரி இரண்டு பெட்டி இருந்தால் முயன்று பார்க்கலாம், வேறு வேறு என்றால் என் நேரத்தை அதில் செலவழிக்க மாட்டேன்.

மறந்துவிடாதீர்கள், பழைய ரவுட்டரை வைஃபையை வாங்க மட்டும் வைத்து, அந்தப் பக்கம் கேபிளில் மட்டும் கொடுக்கும்படியும் செய்யலாம். கடைசி அறையில் ஒரு டிவியும் ஒரு மேசைக் கணினியும்தான் என்றால் இது ரிப்பீட்டரைவிட நிம்மதி.

பவர்லைன் அடாப்டர் என்று இன்னொன்று, வீட்டின் மின்கம்பியிலேயே நெட்டை அனுப்புவது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பவேண்டாம், கையில் கிடைப்பது அதில் ஒரு பங்குதான், அதுவும் வயரிங்கைப் பொறுத்தது. இரண்டு அறைகளும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் இன்னும் மோசம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் நேராகச் சுவரில் செருகுங்கள், திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் (சர்ஜ் ப்ரொடெக்டர்) பெட்டிகள் இந்தச் சிக்னலையும் விழுங்கிவிடும். சுவருக்குள் ஏற்கெனவே கோஆக்ஸ் கேபிள் (டிவிக்கு வரும் உருண்டைக் கேபிள்) ஓடுகிறது என்றால் அதில் போகும் மோக்கா அடாப்டர்கள் பவர்லைனைவிட எவ்வளவோ மேல், மோக்கா 2.5க்கு உச்ச வேகமே 2.5 ஜிபிபிஎஸ். ஆனால் அதே கம்பியில் சாட்டிலைட் டிவி ஓடினால் இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதும். பவர்லைனோ மோக்காவோ, இரண்டுமே கேபிளுக்கு மாற்று மட்டும்தான். இரண்டு முனையிலும் ரவுட்டரை வைத்த பிறகு மேலே சொன்ன லான்-லானா, லான்-வானா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பிறகு மெஷ். பழைய ரவுட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே குடும்பத்துப் பெட்டிகளை இரண்டோ மூன்றோ வாங்கி வைப்பது. செல்லும் செலவு இங்கேதான் அதிகம், தலைவலி இங்கேதான் குறைவு, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெட்டிகள் தங்களுக்குள் பேச மூன்றாவது ரேடியோ வைத்திருக்கும் ரகங்களில் பாதியாகும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். வெவ்வேறு தயாரிப்புகளைச் சேர்த்துக்கொள்ள ஈஸிமெஷ் என்ற தரத்தை வைஃபை அலையன்ஸ் 2018இல் கொண்டுவந்தது, ஆனால் அலமாரியில் கிடக்கும் உங்கள் பழைய பெட்டிக்கு அது தெரிந்திருக்காது. முதல் ரவுட்டரை விடாமல் அதன் பின்னால் மெஷ்ஷைச் செருகினால் பலவும் ரவுட்டராகவே எழுந்து இரட்டை நேட்டில் கொண்டுபோய் விடும், அதையும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்ற வேண்டும். ஒரு முரண் என்னவென்றால், மெஷ் வாங்கியவர்களும் நடுவே ஒரு கேபிள் போட்டால்தான் அது ஜோராக ஓடுகிறது. கேபிள் இருந்தால் எனக்குப் பழைய ரவுட்டரே போதும்.

ஒரே பெயரா, இரண்டு பெயரா

மெஷ் விற்பவர்கள் பெரிதாகச் சொல்வது, நடந்துகொண்டே பேசினாலும் இணைப்பு அறாது என்பதை. அது கொஞ்சம் உண்மை, 802.11 கே, வி, ஆர் என்ற மூன்று ஏற்பாடுகள் கருவிக்கு அடுத்த பெட்டியைக் காட்டிக்கொடுத்து வேகமாகத் தாவ உதவுகின்றன. ஆனால் எப்போது தாவுவது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் அல்ல. அதனால் சாதாரண இரண்டு ரவுட்டரிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை (இங்கே டபிள்யூபிஏ2 என்றால் அங்கேயும் அதுவே) வைத்துவிட்டால் போன் தானாகவே மாறிக்கொள்ளும். தாவும்போது ஒரு நொடி தடுமாறலாம், அவ்வளவுதான்.

சேனல் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருப்பவை 1, 6, 11. ஒரு பெட்டிக்கு 1, இன்னொன்றுக்கு 11 கொடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் போதும். ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுக்கும் ரிப்பீட்டருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை, முதல் ரவுட்டரின் சேனலிலேயே அது இருந்தாக வேண்டும்.

சில போன்கள் பிடித்த பிடியை விடாது. கடைசி அறைக்கு வந்த பிறகும் முன்னறை ரவுட்டரின் ஒற்றைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அப்போது எல்லோரும் செய்வதற்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும்: முதல் ரவுட்டரின் சிக்னல் பலத்தைக் கொஞ்சம் குறையுங்கள். சீக்கிரம் மங்கினால் சீக்கிரம் விடும். அப்படியும் அடம் பிடித்தால் இரண்டு பெயர் வைத்துக் கையால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான், நான் ஒரு பழைய டேப்லெட்டுக்காக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு லேப்டாப்பை இரண்டாவது ரவுட்டரில் இணைத்து அதன் ஐபி முகவரியையும் கேட்வேயையும் (மேலே சொன்ன வாசல்) பாருங்கள். லான்-லான் என்றால் கேட்வே முதல் ரவுட்டரின் முகவரியாக, 192.168.1.1 ஆக இருக்க வேண்டும், 192.168.1.2 என்று காட்டினால் டிஎச்சிபி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐபெர்ஃப் மாதிரியான வேகம் அளக்கும் மென்பொருளை இரண்டு கணினியில் ஓட்டி, ஒன்று முன்னறையில் ஒன்று கடைசி அறையில், வீட்டுக்குள்ளேயே வேகம் எவ்வளவு என்று பார்த்துவிட்டால் இணைப்பு கொடுப்பவரைத் தேவையில்லாமல் திட்ட வேண்டியிருக்காது. அப்புறம், பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.0.1 என்றோ 1.1 என்றோதான் இன்னமும் அச்சாகியிருக்கும். அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, புது முகவரியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை, ஒரு வருஷம் கழித்து கடவுச்சொல்லை மாற்ற உட்கார்ந்தபோது 2, 3, 4 என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து 254இல் கண்டுபிடித்தேன்.